செவ்வாய்

இந்திராநகர், இரண்டாவது மாடி,
டாக்டர் ஷைலஜா ஹெப்பாரின் பல் மருத்துவமனை.
லிஃப்டில் வாளி கூடாதென்று
காவலாளி வாராவாரம் புதிதாகச் சொல்கிறார்.
படியேறுகிறேன்.
இருபது லிட்டர் தண்ணீர், முக்கால் கிலோ உப்பு,
நேற்றிரவு என் அறையில் கலக்கிவைத்த கடல்.
அசல் கடல் இங்கிருந்து
மூவாயிரம் அடி கீழே.

தொட்டியில் ஒரே ஒரு துப்புரவு மீன்.
விரல் நீளம். மூக்கில் மெலிதாய்த் தொடங்கி
வாலில் அகலமாகும் கறுப்புக் கோடு,
மீதி நீலம்.
தின்னாது மேடம், என்றேன் வாங்கும்போதே.
பழகிக்கும், என்றார்.
நம்ம தொழில்தானே அதுக்கும்.

மன்னார் வளைகுடாவில் இதற்குக் கடை உண்டு.
பவளப் பாரின் ஒரு முனை.
விடிந்ததும் களவாய்கள் வந்து நிற்கும்,
அஞ்சாலைகூட வரும்.
முதலில் ஒரு துள்ளாட்டம், நான்தான் என்று.
பிறகு செவுள் திறக்கும்,
வாய் திறக்கும்,
இது உள்ளே போய்ப் பேன் பொறுக்கி
வெளியே வரும்.
விழுங்க முடிந்தும் விழுங்காத வாய்.
அதைவிடப் பெரிய ஒப்பந்தம் எதிலும்
நான் கையெழுத்துப் போட்டதில்லை.

இங்கே இருப்பவை இரண்டு கோமாளி மீன்கள்,
மருந்துத் தண்ணீரில் குளித்து வந்தவை.
பொறுக்க ஒன்றுமில்லை.
இது ஆடிக் காட்டுகிறது.
அவை நகர்ந்துகொள்கின்றன.
மறுபடி ஆடுகிறது.
வயிறு போன வாரத்தைவிட ஒட்டியிருக்கிறது.

பாசி சுரண்ட முழங்கை வரை கையை விடுகிறேன்.
கம்பெனி கொடுத்த கையுறை
வண்டிப் பெட்டியிலேயே கிடக்கிறது.
உப்பில் வெடித்த கட்டைவிரலருகே வந்து
ஒருமுறை துள்ளுகிறது.
சுரண்டியை நிறுத்துகிறேன்.
நகக்கண்ணோரம் உரிந்த தோலை
ஒவ்வொன்றாய்க் கொத்துகிறது.
வலி இல்லை. கூச்சம்.
திங்கட்கிழமை இரவுகளில்
நான் நகம் வெட்டுவதில்லை.

ஆயிற்றா, என்கிறாள் ரிசப்ஷனில் நஃபீசா.
இன்னும் இரண்டு நிமிஷம்.
கதவுக்கு அப்பால் துளைப்பான் ஓய்ந்து
டாக்டர் குரல்:
ஸ்வல்ப தெகீரி, இன்னூ ஸ்வல்ப.
யாரோ ஒருவரின் வாய், சிவந்து,
விளக்கின் கீழே.
தொட்டிக் கண்ணாடியில் பார்க்கிறேன்,
என் வாயும்
திறந்திருக்கிறது.

இறங்கும்போது வாளியில் பழைய கடல்.
அதற்கும் லிஃப்ட் கிடையாது.
இன்றைக்கு இன்னும் ஏழு தொட்டி பாக்கி,
எல்லாம் தங்கமீன், நன்னீர்.
எதுவும் என் கையைக் கேட்காது.