சொல் வரிசை

ரொம்பின் சாலையில்
பகாவுக்கு எட்டு கிலோமீட்டர் இருக்கும்போது ரோட்புளோக்.
நான்கு ஆரஞ்சுக் கூம்புகள், ஒரு டார்ச்.
முன்னால் நின்ற செம்பனைக் குலை லாரியை
முதுகில் தட்டி அனுப்பிவிட்டு
வெளிச்சம் எங்களிடம் வந்தது.

பின் பூட்டில் துப்பாக்கி.
கித்தான் உறைக்குள் இரண்டாக மடிந்து, வாய் பிளந்து.
தோட்டாக்கள் ஏழு, மைலோ டின்னில்,
இந்திராணியின் காலடியில்.
ஒன்பது எடுத்துப் போனோம். இரண்டு வெடித்தன.
வெறும் குப்பிகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்,
கேட்டால் கணக்குச் சொல்ல.

பதினோரு வருடமாக ஒத்திகை பார்த்த வாக்கியம்.
குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பேன்.
தமிழில் சுலபம்:
லைசன் உள்ள துப்பாக்கி.
லைசன் முன்னே போய்க் கதவைத் தட்டும்,
துப்பாக்கி செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னே வரும்.
மலாயில் அப்படி இல்லை.
செனாப்பாங் பெர்லேசன்.
துப்பாக்கிதான் முதலில் நுழையும்,
லைசன் மூச்சிரைக்க ஓடி வரவேண்டும்.

அது ஓடி வருவதற்குள்
பையனின் கை இடுப்புக்குப் போய்விட்டது.
இருபத்து மூன்று இருக்கும். சட்டையில் ஹஸ்வான்.
டார்ச் நடுங்கியது.
என் கைகள் ஸ்டீயரிங்கில், பத்து விரலும் தெரிய,
பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுவது போல.

இறங்கச் சொன்னான். இறங்கினேன்.
பானெட்டில் கை வைக்கச் சொன்னான். வைத்தேன்.
சூடு. எடுக்கத் தோன்றவில்லை.
இந்திராணி டின்னை அசைக்காமலிருக்க
இரண்டு பாதங்களாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.
உள்ளே ஒரு தோட்டா உருண்டது.
அவ்வளவு சின்னச் சத்தத்துக்கு
மூன்று பேர் மூச்சை நிறுத்தினோம்.

தோட்டத்துக்கும் தோட்டாவுக்கும் ஓரெழுத்துதான் தூரம்.
அப்பாவுக்குத் தோட்டம் இருந்தது, அதுவும் கம்பெனியுடையது.
எனக்கு ஆறு ஏக்கர்,
கன்றைக் குருத்தோடு தோண்டித் தின்னும் பன்றிகள்,
வருடா வருடம் புதுப்பிக்கும் ஒரு புத்தகம்.
அதில் ஒட்டிய படத்தில் எனக்கு மீசை உண்டு.
டார்ச் படத்துக்கும் முகத்துக்கும் போய்ப் போய் வந்தது.
மீசை எங்கே என்றான்.
நரைத்துவிட்டது, எடுத்துவிட்டேன் என்றேன்.
அதற்கும் ஒரு புத்தகம் கேட்பானோ என்று பயம்.

சார்ஜன் வந்தார். வயிறு முன்னால், நிதானம் பின்னால்.
பெயரைச் சத்தமாகப் படித்தார்:
தங்கையா ஏ எல் சடையன்.
என் பெயரைவிட அப்பா பெயர்
அவர் வாயில் தெளிவாக விழுந்தது.
குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்,
காதுக்குள் பார்க்கும் டாக்டரைப் போல.
நம்பர் சரி. தோட்டா சரி. குப்பி இரண்டு, சரி.
பிறகு பையனுக்குக் கேட்காத குரலில்,
“எத்தனை விழுந்தது?”
“ஒன்றுமில்லை துவான். இரண்டும் தப்பிவிட்டது.”
அவர் சிரித்த சிரிப்பில்
என் முழங்கால் திரும்ப என்னுடையதாயிற்று.

போகலாம் என்று சொல்லும் முன்
காரை ஒரு சுற்றுச் சுற்றினார்.
துப்பாக்கியில் குறை இல்லை.
இடது பின்விளக்கு எரியவில்லை.
சம்மன் எழுதினான் ஹஸ்வான்,
இப்போது கை நடுங்காமல், அழகான கையெழுத்தில்.

முப்பதில் ஓட்டினேன். பின்னால் எவனோ ஹாரன் அடித்தான்.
கையை ஸ்டீயரிங்கிலிருந்து பிரிக்க முடியவில்லை,
யாரும் பிடித்திருக்கவும் இல்லை.

பழைய ரப்பர் ஸ்டோருக்குப் பக்கத்தில்
ஐந்து பன்றிகள் சாலையைக் கடந்தன.
தாய் நடுவில் நின்று
எங்கள் விளக்கைப் பார்த்தது, அவசரமே இல்லாமல்.
குட்டிகள் போய்ச் சேர்ந்ததும் அதுவும் போனது.

“நாளைக்கு பல்பு வாங்கிடுங்க” என்றாள் இந்திராணி.
டின் அவள் மடியில் இருந்தது.
எப்போது எடுத்து வைத்தாள் என்று தெரியவில்லை.