மூன்றாம் அடுக்குக்கு மட்டும்

மாணவர் மன்றத்தின் நிலவறையில்
சலவை அறைக்கும் கொதிகலனுக்கும் நடுவே
எங்கள் வானொலி நிலையம்.
எதிரொலி அடங்கச் சுவரெல்லாம் முட்டை அட்டைகள்.
சோபாவில் யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை,
மூன்று குளிர்காலமாக.

நூறு வாட்.
பழைய குண்டு பல்பு ஒன்று எரியப் போதும்.
அதை வைத்துக்கொண்டு
சுப்பீரியர் ஏரிக்கரை நெடுகப்
பதினோரு மைல் பேசுகிறோம்.
பதினோராம் மைலில் சிறை.

வியாழன் இரவு, இரண்டிலிருந்து ஐந்து வரை என் முறை.
முதலாண்டுக்காரியின் தலையில் கட்டுகிற நேரம்.
எனக்கு முன்னால் டூலிக்கி, பின்லாந்து டாங்கோ.
அவளுக்கு எட்டு நேயர்கள்,
எட்டுப் பேரின் பிறந்தநாளும் அவளுக்கு மனப்பாடம்.
எனக்குப் பின்னால் ஓர்வில்,
பனி தள்ளும் வண்டிக்காரர்களுக்கு
எந்தச் சாலை வழுக்கும் என்பதை
எதுகை போட்டே வாசிப்பான்.

முதல் கடிதம் பென்சிலில் வந்தது:
“மூன்றாம் அடுக்கு, கிழக்குப் பக்கம்,
அங்கே மட்டும்தான் நீங்கள் கிடைக்கிறீர்கள்.
கீழ் அடுக்குகளுக்குப் பாட்டின் பெயரை நாங்கள் கத்திச் சொல்கிறோம்.
அலறும் கிதார் வேண்டாம் என்கிறார்
பதினான்காம் அறை லெமுவல்.
எனக்கு வேண்டும்.
இப்படிக்கு, எஸ்ரா பிளெட்ச்.”

நேயர் அழைப்புக்கு அவர்களிடம் தொலைபேசி கிடையாது.
இந்த வியாழன் நான் ஒரு ஜோக் சொன்னால்
பத்து நாள் கழித்துத் தபாலில் வரும் சிரிப்பு,
தணிக்கை முத்திரையோடு.

நிர்வாகக் குழு கூடியது.
கேட்பவர் எண்ணிக்கை பூஜ்யம் என்றது கணக்கெடுப்பு.
கணக்கெடுத்தது கைபேசி வழியாக.
அலைவரிசையை விற்றுவிடலாம்,
இணையத்துக்குப் போனால் உலகமே கேட்கும் என்றார் துணை முதல்வர்.
உலகத்துக்குச் சரி.
நான் ஷூ பெட்டி நிறையக் கடிதங்களைக்
கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.
அவர் அதன்மேல் காபிக் கோப்பையை வைத்தார்.
கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, மேசையில் இடமில்லை.
முடிவு மே மாதத்துக்குத் தள்ளிப்போனது.

அதற்குள் ஜனவரி. உறைமழை.
கோபுரத்தில் பனிக்கட்டி ஏறி ஏறி
ஆன்டெனா மடங்கிவிட்டது.
ஒன்பது இரவு, வெறும் இரைச்சல்.
என் முறைக்கு நான் போய் உட்கார்ந்தேன்,
பழக்கதோஷம்.
கொதிகலன் மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

பிறகு இந்தக் கடிதம்:

“ஒன்பது இரவும் நாங்களே நடத்தினோம்.
லெமுவல் வானிலை. அவர் அறைக்கு ஜன்னல் இல்லை.
பனி என்றார். ஒரு நாளும் தப்பவில்லை.
டாங்கோவை ஒருவர் வார்த்தை தெரியாமல்
வாயாலேயே வாசித்தார், அக்கார்டியன் உட்பட.
நிறுத்து என்று கத்தின காவலர்
கொஞ்ச நேரம் நின்றுவிட்டு
ஒரு பாட்டு கேட்டார்.
உங்களைப் போல் யார் பேசுவது என்று பெரிய சண்டை,
கடைசியில் எனக்குக் கிடைத்தது.
தாளைப் புரட்டும்போது
‘ம்ம், எங்கே வைத்தேன்’ என்பீர்களே,
அதற்குத்தான் அதிகக் கைதட்டல்.
கோபுரம் சரியானதும் அதை விட்டுவிடாதீர்கள்.”

நான் அப்படிச் சொல்வேன் என்பதே
எனக்குத் தெரியாது.

பிப்ரவரி, இரண்டாம் வியாழன்.
ஆன்டெனா நிமிர்ந்துவிட்டது.
மணி இரண்டு. சிவப்பு விளக்கு.
தாளைப் புரட்டினேன்.
ம்ம் என்று தொடங்கி,
இப்போது இது யார் குரல் என்று புரியாமல்
நின்றுவிட்டேன்.
நான்கு நொடி ஒலியில்லை.
விதிப்படி தவறு, பதிவேட்டில் எழுதவேண்டும்.
எழுதினேன்.
பிறகு மைக்கை நெருங்கி வானிலை சொன்னேன்:
பதினான்காம் அறையிலிருந்து வந்த தகவல்படி,
பனி.