இடம்

பார்சல் காட்பாடி வரை ஒழுங்காக வந்தது.
அங்கே ஒரு படிவம் அதை மறித்தது:
உள்ளே மனித எச்சம் உண்டா? ஆம். இல்லை.
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
பத்து நிமிடம் நின்றேன், சித்திரை வெயில்.
நாற்பதாயிரம் ஆண்டுக்கு முன் முடிந்துபோனவர்கள்.
மனிதர்தான்.
நம்மவர் இல்லை.
நம்மவர் இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது.
‘பிசின் அச்சு, கல்லூரி உபயோகம்’ என்று எழுதிவிட்டு
ஆட்டோ பிடித்தேன்.

மேசையில் பிரித்து அடுக்கினால்
ஒரு மண்டையோடு, ஒன்பது தாடைகள்,
தனிப் பற்கள் ஒரு டப்பா.
புருவத்துக்கு மேல் சன்ஷேடு மாதிரி எலும்பு,
பின்மண்டையில் அள்ளி முடிந்த கொண்டையாய் ஒரு புடைப்பு,
மோவாய் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.
கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால்
சுண்டுவிரல் நுனி நுழையுமளவு காலியிடம்.

என் ஞானப்பல் படுத்தவாக்கில் முட்டி
மூன்று வாரமாக ஒரே பக்கம் மெல்கிறேன்.
வேலூரில் மனை விலை கேட்டுவிட்டு வந்தவன் மாதிரி
அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேடியது அதையல்ல.
முன்பற்களின் முகப்பில் இருக்கும் கீறல்களை.
தோலைப் பல்லில் கவ்வி, ஒரு கையால் இழுத்து,
மறுகைக் கல்லால் அறுக்கையில்
கல் தவறும்.
எனாமல் குறித்துக்கொள்ளும்.
சோற்றுக்கைக்காரர் கீறல் ஒரு பக்கம் சாயும்,
மற்றவர் கீறல் எதிர்ப்பக்கம்.
எட்டுத் தாடைகள் வலம்.
ஒன்பதாவதை மூன்று முறை துடைத்து
லென்ஸுக்குக் கீழ் வைத்தேன்.
இடம்.

தோலைப் பல்லில் கவ்வுகிறவர்களைத் தேட
இந்தப் பக்கத்தில் அலைய வேண்டியதில்லை.
பேரணாம்பட்டு பஸ்ஸில் ஏறினால் போதும்,
ஊர் வருமுன் வாடை வந்து
பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்ளும்.
வீட்டிலிருந்து ஷூவுக்கு மேல்தோல் தைக்கும்
பதினேழு பெண்கள் சம்மதித்தார்கள்.
ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி.
வாரைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது,
அதனால் பல்.

எப்சிபா பதினாறாவது.
“இன்னாத்துக்கு சார் பல்லப் போயி போட்டோ?
மூஞ்சப் புடிச்சா புள்ளைக்கு அனுப்பலாம்.”
உதட்டை விலக்கி, ஈரம் ஒற்றி,
விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன்.
திரையில் அவள் வெட்டுப்பல்
கோட்டைச் சுவர் மாதிரி எழுந்து நின்றது.
கீறல், கீறல், கீறல்.
எல்லாம் இடம்.

“நீங்க இடக்கையா?”
“யார் சொன்னது? சோத்தாங்கையிலதான் துன்றேன்.
சர்ச்சுல அப்பம் வாங்கறதும் இதே கைதான்.”
கொஞ்சம் கழித்து, குரலை இறக்கி,
“பிளேடு மட்டும் பீச்சாங்கையில வரும்.
சின்னதுல முட்டி மேலயே அடிச்சாங்க.
துன்றத மாத்திக்கினேன்.
இத மாத்த முடியல.”

ஒன்பதாவது தாடையை அவள் கையில் கொடுத்தேன்.
கட்டைவிரலால் பல்லைத் தடவினாள்,
சரக்கில் பிசிறு பார்ப்பது போல.
“பொம்பளையா?”
தெரியாது.
“இதுக்கும் அடி உழுந்திருக்குமா?”
அதற்கு எலும்பில் தடயம் இல்லை.
எந்தக் கையால் தின்றது என்று
பல் எழுதி வைப்பதில்லை.
“தோலு கசக்குமே சார்.
ராவுல சோறு துன்னாலும் நாக்குல அதான் நிக்கும்.
இதுக்கும் கசந்திருக்கும்.”
என் அட்டவணையைப் பார்த்தேன்.
நீளம், ஆழம், கோணம்.
ருசிக்குக் கட்டம் போட்டிருக்கவில்லை.

பயணப்படிக்குக் கையெழுத்து வாங்கினேன்,
வலக்கையால் போட்டாள், நிறுத்தி நிறுத்தி.
எழுந்தபோது
அவள் பை ஓரத்தில் நூல் ஒன்று பிரிந்து தொங்கியது.
பல்லில் வைத்து நறுக்கென்று கடித்து,
நுனியை ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு
பஸ்ஸுக்கு ஓடினாள்.
நான் கீறல்களை எண்ணி முடித்து
பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது.