தேதி முத்திரை

சிசில் ஸ்திரீட் கிளையில் நான்காம் முகப்பு என்னுடையது.
வியாழன் பிற்பகல் அவர் வந்து உட்கார்ந்ததும்
மேசைமேல் வைத்தது
ரப்பர் பட்டை போட்ட ஒரு நீலக் கோப்பு.
பெயர் ஓர்னெல்லா. ஊர் பாரி.
(முல்லைக்குத் தேர் ஈந்தவன் அல்ல,
இத்தாலியின் குதிகாலுக்குச் சற்று மேலே.)
துவாஸில் கப்பல் எஞ்சின் வேலை.
வந்து ஒன்பது நாள்.

பிறப்புச் சான்றிதழ், மூன்று நகல்.
பட்டம். பட்டத்தின் மொழிபெயர்ப்பு.
மொழிபெயர்த்தவர் மொழிபெயர்ப்பாளர்தான்
என்பதற்கு இன்னொரு தாள்.
பந்தியில் இலை போடுகிறவர் போல
ஓரம் பார்த்து ஒவ்வொன்றாய் விரித்தார்.

கடப்பிதழும் வேலை அட்டையும் போதும் என்றேன்.
ஆறு நிமிடம்.
கணக்கு திறந்தாயிற்று.

அவர் எழவில்லை.
"அவ்வளவுதானா?"
அவ்வளவுதான்.
"முத்திரை?"

முத்திரையெல்லாம் இப்போது இல்லை மேடம்,
மின்னஞ்சலில் வரும் என்று சொல்ல வாயெடுத்து
நிறுத்திக்கொண்டேன்.
அந்த முகத்தை எனக்குத் தெரியும்.
நான்கு வருடம் அதைத்தான்
ஜெனோவாவில் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

ஐந்து மணி இருட்டில் போலீஸ் அலுவலக வரிசை.
முன்னால் குடை விற்கும் மொடு, செனகல்காரன்.
பின்னால் சில்ஹெட்காரர் ஒருவர்,
அவர் ரொட்டியில் பாதி தின்றும்
பெயர் கேட்காமலே விட்டுவிட்டேன்.
பதினாறு யூரோ வரிவில்லை
புகையிலைக் கடையில்தான் கிடைக்கும்.
புகையிலைக் கடை மதியம் தூங்கும்.
அது விழிக்கையில் அலுவலகம் மூடியிருக்கும்.
நாளைக்கு வா என்பதை
அந்த மொழியில்தான் முதலில் பிழையில்லாமல் கற்றேன்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவள்
என் பெயரையும் அப்பா பெயரையும் இடம் மாற்றிவிட்டாள்.
அன்றுமுதல் நான் திரு. செங்கோடன்.
மின் கட்டணம், குப்பை வரி, நூலக நினைவூட்டல்
எல்லாம் அவருக்கே வந்தன,
கடல் தாண்டாமலே செத்துப்போன மனிதருக்கு.

சவோனா ரயிலில் ஒருமுறை
கையில் சீட்டு இருந்தும் தண்டம் கட்டினேன்.
நடைமேடை இயந்திரத்தில் தேதி குத்தவில்லையாம்.
"நான்தான் பயணம் செய்துகொண்டிருக்கிறேனே" என்றேன்.
"தேதி இல்லை" என்றார்,
கொஞ்சம் வருத்தத்தோடு.

பிரே தெரு வங்காளக் கடையில் கறிவேப்பிலை மூன்று யூரோ.
இருபத்தோரு இலை. எண்ணியிருக்கிறேன்.
ரசத்தில் போட்டு, எடுத்து, அலசி,
மறுநாள் பருப்பில் போட்டிருக்கிறேன்.
கறிவேப்பிலையாய் எடுத்தெறிந்தான் என்று
அந்த ஊரில் யாரையும் திட்ட முடியாது.

கீழ் இழுப்பறையைத் துழாவினேன்.
காசோலைக் காலத்துத் தேதி முத்திரை,
கடைசியாய்க் குத்திய நாளிலேயே நின்றுபோயிருந்தது.
சக்கரத்தைத் திருகி இன்றைக்குக் கொண்டுவந்தேன்.
மை காய்ந்திருந்தது, எச்சில் தொட்டேன்
(மேலாளர் கவிதை படிப்பதில்லை).
ஒரு தாள் அச்சடித்து,
ஓங்கி ஒன்று. கோணல்.
பக்கத்தில் இன்னொன்று.

ஊதி உலர்த்தினார்.
நீலக் கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.
தோள்கள் இறங்கின.
அப்புறம்தான் கேட்டார், இங்கே நல்ல காப்பி எங்கே?
பதினொன்றுக்கு மேல் பால் காப்பி கேட்டால்
முறைக்கும் நாட்டிலிருந்து வந்தவர்.
கோப்பி ஓ கொசோங்,
மூன்று தடவை சொல்லவைத்தேன்.
பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவார்கள்,
அதிராதீர்கள் என்றேன்.
அதிர்ந்தார்.

ஈசூனில் இரவு,
கட்டைவிரலில் என்ன ஊதா என்றாள் தமயந்தி.
ஒருத்தருக்கு அனுமதி கொடுத்தேன்.
"உங்களுக்கேது அந்த அதிகாரம்?"

எனக்கில்லைதான்.
பரணில் என் கோப்பும் இருக்கிறது, பச்சை,
தூக்கிப்போடு என்று அவளும் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று.
எப்படிப் போடுவது?
அப்பா இன்னும் ஜெனோவா நகராட்சிக்கு
முப்பத்தெட்டு யூரோ
குப்பை வரி பாக்கி.