கூரைக்கு ஒரு சாண்

உபியில், பட்டறைகளுக்கு நடுவே ஒரு கடை.
ஹைருல் நீட்டிய தாளில்
முப்பத்தொரு கட்டங்கள்.

சூரியத் தகடு, சரி.
கொசுவலை, கேட்கவே வேண்டாம்.
கழிவறைக்கு ஒரு சண்டை போட்டோம்,
அவர் நாகரிகமாகக் கைப்பேசியைப் பார்த்தார்.

கூரை எவ்வளவு தாழும் என்று மட்டும்
மூன்று தடவை கேட்டேன்.
எங்கள் புளோக் கார்நிறுத்த வாசலில்
தொங்கும் மஞ்சள் கம்பியை
நேற்றிரவு அளந்திருந்தோம்.
தமயந்தி நாற்காலியைப் பிடிக்க, நான் ஏற,
பின்னால் ஒரு டாக்சி ஹாரன் அடிக்க.
மூடியிருந்தால் ஒரு சாண் மிச்சம்.
திறந்தால்
ஐந்தாம் மாடித் தளத்தில் தலை இடிக்கும்.
ஆக, வீட்டில் இருக்கும்வரை
அது வெறும் லாரி.

ஹீட்டர் வரியை அவரே அடிக்கப் போனார்.
"சிங்கப்பூர்ல எதுக்கு, அண்ணே?"
தமயந்தி பேனாவைப் பிடுங்கினாள்.
"சிஓஇ பத்து வருஷம்தானே?
அதுக்குள்ள ஒரு ராத்திரியாவது
எங்கயாச்சும் குளிராதா?"

கூட்டிப் பார்த்தால் காசு இடித்தது.
பக்கப் பந்தலை எடுத்துவிட்டோம்.
மழை வந்தால் உள்ளே உட்காரலாம்.
ஹீட்டர் நின்றது.

வெளியே வெயில்.
கையெழுத்திட்ட பேனா
இன்னும் அவள் கைப்பையில்.