பூஜ்ஜியத்தையும் ஏற்கும் பதிப்பு

காந்தி ரோட்டு லாட்ஜில் எனக்கு இரவு வேலை.
ஆஸ்பத்திரிக்கென்று வந்தவர்கள்
பதினொன்றுக்குள் அடங்கிவிடுவார்கள்.
இருநூற்று ஏழில் ஓர் இருமல்,
மாடியில் மூடாத குழாய்.
அதற்குப் பிறகு ரிசப்ஷன் கம்ப்யூட்டர் என்னுடையது.

அப்படிச் செய்ததுதான் இந்த ஆப்.
தேதி, தொகை, எதற்கு.
மூன்று கட்டம், கீழே பச்சைப் பொத்தான்.
பயன்படுத்துவோர் மொத்தம் இருவர்:
நானும் வசுந்தராவும்.

முதல் மாதம் எங்கள் வாடகை நாலு ரூபாய்.
4,500 என்று அவள் கமா போட்டு எழுத,
கமாவோடு படிப்பை நிறுத்திக்கொண்டது ஆப்.
"கொசப்பேட்டையிலேயே நம்ம வீடுதான் சல்லிசு,
ஹவுஸ் ஓனர்கிட்ட காட்டிட்டு வரட்டுமா?"
அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து
கமாவை விழுங்கக் கற்றுக்கொடுத்தேன்.

அடுத்து நள்ளிரவு.
ராத்திரி இரண்டு மணிக்கு நான் குடிக்கும் டீ
மறுநாள் கணக்கில் போய் உட்கார்ந்தது.
தூங்காதவனுக்கு ஏது மறுநாள்?
காட்பாடியில் இறங்கி
எக்ஸ்ரே கவரை மடியில் வைத்தபடி
ஆட்டோவில் வருகிறவர்களுக்குச் சாவி கொடுத்து,
ஷட்டரடியில் வெளிச்சம் நுழையும்போதுதான்
எனக்கு ஒரு தேதி கிழியும்.
நாளின் எல்லையை ஆறு மணிக்கு நகர்த்தினேன்.
நாலே வரி.
வாழ்க்கையில் வேறெதையும்
இவ்வளவு சுலபமாக நகர்த்தியதில்லை.

பிறகு வகைகள். மளிகை, கேஸ், சீட்டு, மருந்து, மற்றவை.
மற்றவை வீங்கிக்கொண்டே போனது.
வட்டப் படத்தில் பாதியை அதுவே தின்றது.
அதை உடைத்துப் பிரிக்க உட்கார்ந்த இரவில் போன்.
"உன் ஆப்பு என்னை வேணாங்குது."
"என்ன போட்ட?"
"பூஜ்ஜியம்."

தொகை பூஜ்ஜியத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்:
நானேதான் எழுதியிருந்தேன்,
சிவப்பு எழுத்தில் வரும்படி.
செலவே ஆகலன்னா எதுக்கு எழுதணும் என்று கேட்டேன்.
"காலைல ஷிப்ட் இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

ஒரே ஒரு குறி.
பெரிது என்பதன் பக்கத்தில்
அல்லது சமம்.

மாதக் கடைசியில் திறந்து பார்க்கிறேன்.

ஷேர் ஆட்டோ, 0. பைபாஸ் வரைக்கும் நடந்தேன்.
கண் டாக்டர், 0. அடுத்த மாசம்.
லாங் பஜார் பச்சை சேலை, 0. தொட்டு மட்டும் பார்த்தேன்.
தம்பி மகன் காதுகுத்து, 0. காய்ச்சல்னு சொல்லிட்டேன்.
முள்ளு கத்தரிக்காய், 0. கிலோ எண்பதாம்!
கம்பெனி கேன்டீன் வடை, 0.
கண் டாக்டர், 0.

இப்படிப் பத்தொன்பது வரிகள்.
வட்டப் படத்தில் இவற்றுக்குத் துண்டும் இல்லை, நிறமும் இல்லை.
கூட்டினால் ஒன்றும் வராது.
எண்ணினால் வரும்.

எண்ணிக் காட்ட மூலையில் ஒரு பெட்டி வரைந்தேன்.
அழித்தேன்.
அவள் இதை எழுதியது
நான் பார்ப்பதற்கா, யாரும் பார்க்காமல் இருப்பதற்கா?
அது தெரியாமல் புதுப் பதிப்பு விடக் கூடாது.
மேல்விஷாரத்தில் நாளெல்லாம் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறவள்
ஊசிக்கண்ணை எப்படிப் பார்க்கிறாள் என்று
நான் கேட்டதே இல்லை.
அந்தக் கேள்விக்கு ஆப்பில் கட்டமும் இல்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது
மார்க்கெட் வாசலில் முள்ளு கத்தரிக்காய், அரை கிலோ.
படியேறும் முன்பே பதிந்தேன்: 45.
திங்கட்கிழமைக்குக் கண் டாக்டரிடம் டோக்கன் போட்டேன்,
அதை மட்டும் வாயால் சொன்னேன்.
"பார்க்கலாம்" என்றாள்.

குளித்துவிட்டு வந்தால்,
போன வாரம் நான் வைத்த திருத்து பொத்தானை
முதல்முறையாக ஒருத்தி அழுத்தியிருக்கிறாள்.
தொகை அப்படியே இருந்தது.
குறிப்பில் மட்டும்:
நாலு சொத்தை. முப்பதுக்குக் கேட்டிருக்கணும்.

உள்ளே எண்ணெய் காய்கிற வாசனை.