நாற்பது நொடி

ஐந்து ரோட்டில் டயர்க் கடை மாடி.
ஷட்டர் இறங்கிய பிறகும் ரப்பர் வாசனை
படியேறி வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கும்.

என்னிடம் ஏழு சர்வர்கள். ஒன்றையும் தொட்டதில்லை.
மும்பையில் ஏதோ கட்டிடத்தில்
யாருடைய இரும்புக்குள் என்று தெரியாமல்
குடியிருக்கின்றன. வாடகை மாதாமாதம் போகிறது.
பெயர் மட்டும் நம்மூர்:
அஸ்தம்பட்டி, சூரமங்கலம், குகை, கொண்டலாம்பட்டி,
கன்னங்குறிச்சி, அம்மாபேட்டை, புது பஸ் ஸ்டாண்டு.
ஜெரால்ட் வைத்தது.
பழைய பஸ் ஸ்டாண்டும் இருந்ததாம்,
அழித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வேலையை விட்டான்.

இன்றிரவு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதுகிறேன்.
யாருக்கு எவ்வளவு நினைவகம்,
எந்தக் கதவு திறந்திருக்கும்,
யார் எழுந்த பின் யார் எழவேண்டும்.
அடைப்புக்குறி கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது.
உள்ளே தள்ளி எழுதினால் உள்ளே,
  இப்படி, இரண்டு இடைவெளி,
    இன்னும் இரண்டு.
ஒன்று குறைந்தாலும் போதும்
குகையின் டிஸ்க் கன்னங்குறிச்சிக்குச் சொந்தமாகிவிடும்.
டேப் பட்டன் பக்கம் என் சுண்டுவிரல் போவதே இல்லை.

பழைய கோப்பில் நாற்பத்தேழாம் வரி:
  காத்திரு: 40
  # குறைக்காதே. ஜெ.

ஏன் என்று இல்லை.
நாற்பது நொடியில் ஒரு ஆள் செருப்பு மாட்டி, பூட்டி,
பூட்டை ஒரு தடவை இழுத்தும் பார்த்துவிடலாம்.
ஐந்து என்று மாற்றினேன். ஓட்டினேன்.
ஏழு பச்சை.
பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டேன்.

கொண்டலாம்பட்டி எழுந்தது, சூரமங்கலத்தைக் கேட்டது.
சூரமங்கலம் இன்னும் கண் விழிக்கவில்லை,
கணக்கெல்லாம் அதன் தலையணைக்கடியில்.
கொண்டலாம்பட்டி விழுந்தது.
எழுந்தது. கேட்டது. விழுந்தது.
எழுந்தது.

இரண்டே காலுக்கு மாதையன்,
நிஜக் கொண்டலாம்பட்டியிலிருந்து, பைபாஸ் லாரி புக்கிங்.
"மேடம், பில்லு வர மாட்டேங்குது.
இருபத்திரண்டு டன் ஜவ்வரிசி, நாக்பூர் வண்டி.
டிரைவர் ரெண்டு தடவ மூஞ்சி கழுவிட்டாரு."
"அஞ்சு நிமிஷம்ண்ணே."
அஞ்சு. வாய் அதே எண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஜெரால்ட் இப்போது ஏற்காட்டில்,
காப்பித் தோட்டத்தில் மிளகு மூட்டைக்குக் கணக்கு எழுதுகிறான்.
மூன்றாவது தடவை எடுத்தான்.
தகரத்தில் மழை.
"நாப்பதா? நானா எழுதினேன்?"
கொஞ்ச நேரம் மழை மட்டும் பேசியது.
"ஞாபகம் இல்ல பர்வீன்.
ஏதோ ஒரு ராத்திரி ஏதோ ஆகியிருக்கும்.
இருந்துட்டுப் போகட்டும் வி"
அத்தோடு சிக்னல் மேகத்துக்குள் போய்விட்டது.

நாற்பது என்று திருப்பி அடித்தேன்.
வாய்விட்டு எண்ணினேன், தனி அறைதானே.
பதினெட்டில் கீழே ஒரு லாரி கியர் மாற்றியது.
இருபத்தாறில் எதுவுமில்லை.
இருபத்தொன்பதில் மாதையனுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன்.
முப்பத்தொன்றில் சூரமங்கலம் விழித்தது.
நாற்பதில் கேள்வி போனது, பதில் வந்தது.

மாதையன் மறுபடி கூப்பிடவில்லை. அதுதான் ரசீது.

ஜெரால்டின் குறிப்புக்குக் கீழே எழுதினேன்:
  # சூரமங்கலம் எழ 31 நொடி. எண்ணிப் பார்த்தது.
  # மீதி ஒன்பது எதற்கென்று தெரியவில்லை.
  # குறைக்காதே. ப.

மூடும் முன், வழக்கம்போல,
ஓடுகிறவற்றின் பட்டியலைக் கேட்டேன்.
எட்டு.
திரும்பக் கேட்டேன். எட்டு.
பழைய பஸ் ஸ்டாண்டு, முந்நூற்றுப் பன்னிரண்டு நாளாக,
யாரும் ஏறாமல், யாரும் இறங்காமல்,
விளக்கை மட்டும் எரியவிட்டுக்கொண்டு.

நிறுத்தட்டுமா என்றது திரை.
டீ ஆறிப்போயிருந்தது.
வேண்டாம் என்று அடித்தேன்.
இன்றைக்கு வேண்டாம்.